பாக்குமட்டைக்கும் சிவப்பு வாருக்கும் நன்றி

மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே, பள்ளத்துக்கரைத் தோட்டத்து அண்ணனுக்கும் அம்மாவுக்கும் பரிசக்கார ஐயாவுக்கும் வணக்கமுங்க. "பேரெல்லாம் போட்டு எழுதீராத சாமி" என்று அண்ணன் சொல்லிவிட்டதால் பேரில்லாமலே எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் மலையிறங்கி வந்த தண்ணீரில் கயாக்கை, அதாவது ஒருத்தர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகை, இறக்க வந்தவன் நான். கோழிக்கோட்டுப் பக்கம் கோடஞ்சேரியில் ஆடி வெள்ளத்தில் போட்டியே நடத்துகிறார்கள்; அங்கேதான் பழகினேன். அந்தத் தெம்பில் நேரே ஓட்டத்திலேயே படகை வைக்கப் போனேன். "அங்க வேண்டாமுங்க. பரிசல்னாலும் கல்லு மறவுலதான் ஏறோணும்" என்று கூப்பிட்டுக் காட்டினார் ஐயா. பாறைக்குக் கீழே தண்ணீர் திரும்பி மேலேறும் இடம், ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும்.

அதற்குப் போகும் வழி முழுக்கச் சொரசொரப்பான பாறை. படகோ 20 கிலோவுக்கு மேல். அண்ணன் ஒன்றும் பேசாமல் தோப்புக்குள் போய் ஈரப் பாக்குமட்டை ஏழெட்டைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார். சின்னப் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவது போலப் படகு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அம்மாவுக்குத்தான் பெரிய கடன். உட்கார்ந்து, தண்ணீர் புகாமலிருக்க இடுப்பில் கட்டும் ரப்பர் பாவாடையைப் படகு விளிம்பில் மாட்டிவிட்டேன். (ஆம்பளைக்குப் பாவாடையா என்று அவர் சிரித்த சிரிப்பு தனிக்கதை.) துணி துவைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "ஏனுங்க தம்பி, அப்பப் பாத்தப்ப முன்னால ஒரு செவப்பு வார் தொங்குச்சே, எங்க?" என்றார். உள்ளே மடங்கிப் போயிருந்தது. கவிழ்ந்தால் அதை இழுத்துத்தான் வெளியே வரவேண்டும். எடுத்து வெளியே விட்டேன்.

அடுத்த நிமிஷமே அது வேலைக்கு வந்தது. கல் மறைவிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது தண்ணீர் போகிற பக்கம் சாய வேண்டும். பயத்தில் வருகிற பக்கம் சாய்ந்தேன். படகு குப்புறக் கவிழ்ந்தது. தலைகீழாகக் காதெல்லாம் இரைச்சல், கைக்கு வார் தட்டுப்பட்டது, ஒரே இழுப்பு.

கூட வந்த நண்பன் வீசிய கயிறு எட்டவில்லை. மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, கல்லிடுக்கில் சிக்காமல் மிதந்துபோன என்னை அண்ணனின் மாட்டுக் கவுறு பிடித்தது. அதோடு அம்மாவின் சுக்குக் காப்பி. குடிக்கும்போது டம்ளர் பல்லில் தட்டியது, குளிரால் மட்டுமல்ல.

படகைக் கீழே குளித்துக்கொண்டிருந்த பையன்கள் மடக்கினார்கள். துடுப்பு போனது போனதுதான் என்றிருந்தேன். பொழுது சாயும் நேரம் யாரோ ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் அதைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்து, கொடுத்த கையோடு கிளம்பிவிட்டார். எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அவருக்கும் இந்த மடல்.

அண்ணா, உங்க கவுறு என் கார் டிக்கியிலேயே வந்துவிட்டது. மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் புதுக் கவுறும் சேர்த்துக் கொண்டுவருகிறேன்.