புகார்: ஒரே பெட்டிக்கு இரண்டு டிபார்ட்மென்ட், நடுவில் நான்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
பொருள்: ரவுட்டர் சாஃப்ட்வேர் அப்டேட்டால் பேக்கப் லைன் செத்துப்போனது

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் 'உங்கள் புகார் பதிவாகிவிட்டது' என்ற ஒரே வரிதான் பதில். போடியில் 300 சொச்சம் வீடுகளுக்கும் ஏலக்காய்க் கடைகளுக்கும் இன்டர்நெட் கொடுத்துப் பிழைப்பவன் நான்.

உங்கள் ரவுட்டர் பெட்டியைப் பற்றி உங்களுக்கே பாடம் எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் சொன்னபடி ராத்திரி 2 மணிக்கு அப்டேட் போட்டேன். நான்காம் நாள் ரோடு தோண்டியவர்கள் மெயின் ஃபைபரை வெட்டிவிட்டார்கள். சரி, பேக்கப் இருக்கிறதே என்று நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது.

பேக்கப்பில் பிஜிபி செஷன் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற 'ரூட்' தகவலை இரண்டு நெட்வொர்க்குகள் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு) ஏறித்தான் இருந்தது. ஃபைபரைச் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலின் விளக்கும் பச்சை. ஆனால் எத்தனை ரூட் வந்தது என்ற எண் வர வேண்டிய இடத்தில், அடைப்புக்குறிக்குள் 'பாலிசி' என்று ஒரே ஒரு சொல். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்த பிறகும் உங்கள் ஆட்கள் சொன்னது: "எஸ்எஃப்பி மாத்திப் பாருங்க." மாற்றினேன். "கேபிள் மாத்துங்க." மாற்றினேன். "போர்ட் போயிருக்கும், பெட்டியைச் சென்னைக்குக் கொண்டுவாங்க."

பழைய ரவுட்டரைத் தூசி தட்டி மாட்டிவிட்டு, உங்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தேன். கவுண்டரில் இருந்தவர் போர்ட்டில் ஒரு ஃபைபர் துண்டைச் செருகிப் பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "போர்ட் நல்லாத்தான் இருக்கு, சாஃப்ட்வேர்காரங்களைக் கேளுங்க" என்றார். சாஃப்ட்வேர்காரர்கள் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் ஏற விடவில்லை. கீழே நின்றபடி போன் போட்டால், "அது ஹார்டுவேர் கேஸ் சார், கவுண்டர்ல கேளுங்க" என்கிறார்கள். சாஃப்ட்வேர் இல்லாமல் போர்ட் மட்டும் தனியாக ஓடுமா ஐயா?

அந்தப் போனில் பேசிய பையன் கடைசியில் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "வேலை தெரிஞ்ச ஆளா ஒருத்தரை வெச்சுக்கோங்க சார்." 15 வருடமாகக் கம்பம் ஏறிக் கேபிள் இழுத்தவனிடம்! காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றிருந்தேன்.

காரணத்தை ஊர் திரும்பி என் அக்கா மகன் கண்டுபிடித்தான். பாலிசி (எந்த ரூட்டை ஏற்கலாம், எதை அனுப்பலாம் என்று நாம் எழுதிவைப்பது) இல்லாத வெளி பிஜிபி செஷனில், அதாவது வேறு நெட்வொர்க்கோடு பேசும் செஷனில், எந்த ரூட்டையும் எடுக்காதே, கொடுக்காதே என்பது 2017இல் வந்த ஆர்எஃப்சி 8212 என்ற இன்டர்நெட் தர ஆவணத்தின் விதி. உங்கள் புது வெர்ஷன் அதைச் சத்தமில்லாமல் அமலாக்கியிருக்கிறது. மெயினில் லோக்கல் பிரிஃபரன்ஸ் (எண் கூடினால் அந்த வழிக்கு முன்னுரிமை) 200 வைக்க ரூட் மேப் (அந்தப் பாலிசியை எழுதும் முறை) போட்டிருந்தேன், வெளியே போவதற்கும் ஃபில்டர் இருந்தது, அதனால் தப்பித்தது. பேக்கப் தானாகவே 100இல் நிற்கும் என்பதால் அதில் ஒன்றும் போடவில்லை. ஃபில்டர் இல்லாமல் விட்டது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். விதியும் நல்ல விதிதான். அதை அப்டேட் குறிப்பில் ஒரு வரி சொல்லக் கூடாதா? உள்ளே வருவதற்கு ஒன்று, வெளியே போவதற்கு ஒன்று என்று இரண்டு ரூட் மேப் போட்டதும் ஒரு நிமிடத்தில் லைன் வந்துவிட்டது.

அதற்குள் 41 கனெக்‌ஷன் போய்விட்டது. பெயர் கெட்டதையும் சேர்த்தால் எனக்குப் பத்து லட்சத்துக்குக் குறையாத நஷ்டம். இனி போடியில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

தயவுசெய்து என் பயணச் செலவையும் இந்த வருட ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்த) பணத்தையும் திருப்பித் தாருங்கள். தவறு எங்கே என்று எழுத்தில் தாருங்கள். அந்தப் பையன் மன்னிப்புக் கேட்க வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், தேனி நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். வியாபாரத்துக்கு வாங்கியது என்று நழுவ வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவனும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம், போன் செய்ய வேண்டாம். எழுத்தில் மட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்,
போடிநாயக்கனூர்