பம்ப் ஹவுஸ்ல நிக்கிறவங்களைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஜூரோங் தீவுல ஒரு மின் நிலையத்தோட கடல்தண்ணி பம்ப் ஹவுஸ்ல ஷிஃப்ட் பாக்குறேன். சிங்கப்பூர்ல கரண்ட் 90 சதவீதத்துக்கு மேல எரிவாயுலதான் வருது, அது பலருக்குத் தெரியும், ஆனா டர்பைனைச் சுத்தின நீராவி மறுபடி தண்ணியாகணும்னா கண்டென்சர் குழாய்ல கடல்தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், அது குறைஞ்சா கண்டென்சர்ல இருக்குற வேக்குவம் (வெற்றிடம்) இறங்கி டர்பைன் ட்ரிப் ஆயிடும், அதாவது தானா நின்னுடும்.

பாறையிலயும் குழாயிலயும் ஒட்டிக்கிற ஓட்டுயிரான கொட்டலசு ஒட்டாம இருக்க தண்ணில குளோரின் விடுவோம். அதைவிட பெரிய தொல்லை ஜெல்லிமீன், எங்க ஊர்ல சொறின்னு சொல்லுவாங்க. போன மாசம் ராத்திரி மூணு மணிக்கு, கடல்தண்ணியை வடிகட்டுற ஸ்கிரீன் முழுக்க சொறி கொழகொழன்னு ஒட்டிக்கிச்சு, கூடவே பிளாஸ்டிக் பை, தூண்டில் நரம்பு எல்லாம் பின்னிக்கிட்டு, ரெண்டு பேரு கையால பிச்சு எடுத்தோம். பிரான்ஸ்ல 2025 ஆகஸ்ட்ல கிராவலின் அணுமின் நிலையத்துல இதே சொறியாலதான் 4 அணு உலை நின்னுச்சு.

ஜெல்லிமீனை நாம தடுக்க முடியாது. ஆனா கடற்கரைக்குப் போறவங்க பையையும் நரம்பையும் தண்ணில போடாம இருக்கலாமே ஐயா, அதை உங்க பத்திரிகைல கொஞ்சம் பெருசா போடுங்க.

இப்படிக்கு,
பம்ப் ஹவுஸ் ஊழியர், ஈசூன்