வார்டுக்கு ஒரு நிறம் போதாது: வேலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குப்பையால் எந்தத் தெருவுக்கு என்ன ஆபத்து என்று காட்டும் வரைபடத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தயாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். 60 வார்டுக்கும் வார்டுக்கு ஒரு நிறம் பூசிய படம் உதவாது. ஒரே வார்டுக்குள் மேட்டுத் தெருவும் இருக்கும், மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருவும் இருக்கும். சராசரி எடுத்தால் ஆபத்தான தெரு காணாமல் போய்விடும். 100 மீட்டருக்கு 100 மீட்டர் கட்டமாகப் பிரியுங்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் 1 முதல் 5 வரை மூன்று மதிப்பெண்: குப்பையால் வரும் கேடு, அதில் மாட்டும் மக்கள், சமாளிக்க வசதியில்லாத நிலை. மூன்றையும் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 5, 1, 3 வாங்கிய கட்டமும் 3, 3, 3 வாங்கிய கட்டமும் கூட்டினால் 9தான். பெருக்கினால் 15, 27. ஆளில்லாத இடத்துப் பெரிய குவியலைவிட, குடிசைகளுக்கு நடுவே உள்ள நடுத்தரக் குவியல் முதலில் கவனிக்க வேண்டியது.

வேலூருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: மலைச்சரிவு. காகிதப்பட்டறை, சைதாப்பேட்டை மலையோர வீடுகளுக்குப் படிக்கட்டுதான் வழி. குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி அங்கே ஏறாது. குப்பை ஓடையில் விழும், மழையில் கீழே வரும். சிறுபாலத்தின் வாயில் ஒரு தென்னை மட்டை குறுக்கே நின்றால் போதும். அதில் கேரி பேக் ஒட்டும், அதன்மேல் வண்டல் படியும், பிறகு தண்ணீர் வீட்டுக்குள் புகும். ஆகவே குப்பை விழும் கட்டத்திலிருந்து அடைக்கும் கட்டம் வரை அம்புக்குறி போடுங்கள். மேலே குப்பை எடுத்தால்தான் கீழே வெள்ளம் குறையும்.

காலைத் துப்புரவு முடிந்து 10 மணிக்குக் கணக்கெடுக்கப் போனால் எல்லாத் தெருவும் சுத்தமாகத்தான் தெரியும். துப்புரவுக்கு முன் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை, கனமழை விட்ட உடனே ஒரு முறை பாருங்கள். சந்துகளில் செல்போன் இடங்காட்டி அடுத்த தெருவைக் காட்டிவிடும். மின்கம்ப எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். புகார் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். புகார் வராத தெருவில் புகார் சொல்ல நேரமில்லாதவர்கள் இருக்கலாம்.

எடையை மட்டும் அளப்பதும் தவறு. ஒரு டன் காய்கறிக் கழிவு நாறும், ஈ மொய்க்கும். ஆனால் மழைநீர் தேங்கிய பத்து டயர் டெங்குக் கொசுவை வளர்க்கும். நம் வெயிலில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். வாரத்துக்கு ஒருமுறைகூட வண்டி வராத கட்டங்களைத் தனியே குறியுங்கள். குப்பை எரித்த சாம்பல் தடங்களையும் குறியுங்கள். திறந்த வெளியில் எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்கின்றன.

இத்தனையும் முன்பே தெரிந்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். ஊசியும் கண்ணாடியும் முதலில் குத்துவது அவர்கள் கையைத்தான். மதிப்பெண் போடும்போது அவர்களையும் மாட்டும் மக்களில் சேருங்கள். கணக்கெடுப்புக்கு அழைத்தால் அந்த நாளுக்குத் தனி ஊதியம் கொடுங்கள்.

27-ம் அதற்கு மேலும் வாங்கும் கட்டங்களின் வாய்க்கால்களைச் செப்டம்பர் முடிவதற்குள் தூர் வாருங்கள். வாரிய மண்ணை அன்றைக்கே லாரியில் ஏற்றிவிடுங்கள். கரையில் விட்டால் அடுத்த மழைக்கே அது வாய்க்காலுக்குள் திரும்பிவிடும்.

இப்படிக்கு,
கழிவு மேலாண்மையில் வேலை செய்யும் வேலூர்க்காரர்கள்