அது 11 வயது என்று திருத்திப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நடிகை ஜெனட் மெக்கர்டி 2022இல் எழுதிய தன்வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த அறிமுகம், "என்ன இருந்தாலும் பெற்றவள் அல்லவா?" என்று முடிகிறது. அந்த வரியைப் படித்தபின் இதழை மூடி வைத்தவள்தான், இன்னும் திறக்கவில்லை.

'என் அம்மா இறந்ததில் எனக்கு மகிழ்ச்சி' என்ற தலைப்பு கட்டுரையாளரை உறுத்தியிருக்கிறது. புரிகிறது. ஆனால் உள்ளே இருப்பதையும் அவர் படித்திருக்க வேண்டாமா? நடிகையாக முடியாத தாயின் ஆசைக்காக ஆறு வயதில் நடிக்க வந்த குழந்தை அது. உடம்பு வளர்ந்துவிட்டால் சின்னப் பெண் வேடம் கிடைக்காது என்பதால், 11 வயதில் கலோரி எண்ணிப் பட்டினி கிடக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தத் தாய். பதினாறு வயதிலும் மகளைத் தானாகக் குளிக்க விடவில்லை. இதையெல்லாம் "வளரிளம் பருவ மகளின் எடைமீது காட்டிய அக்கறை" என்று எழுத எப்படி ஐயா மனம் வந்தது?

நானும் ஒன்பது வயதில் மெல்லிசைக் குழுவில் பாட ஏற்றிவிடப்பட்டவள். எங்கள் பக்கம் ஆடி முழுக்கக் கோயில் கொடைக் கச்சேரி, மற்ற மாதங்களில் கல்யாண வீட்டுக் கச்சேரி. நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் 'பேபி' என்று போடுவார்கள். ஒரு வரி மறந்தால், கவுன் மறைக்கும் இடத்தில் அம்மா கிள்ளுவாள். பதின்மூன்று வயதில், அந்த 'பேபி' போய்விடக் கூடாதென்று, பழைய வேட்டியைக் கிழித்து என் மார்பை இறுக்கிக் கட்டினாள். உச்சஸ்தாயியில் மூச்சு எடுக்க முடியாது. கச்சேரிக்கு வாங்கிய பணம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவின் பதினாறாம் நாளில் பாடச் சொன்னார்கள். நான் வாய் திறக்கவில்லை. "பெத்தவளுக்கு ஒரு பாட்டுப் பாடலையே" என்று சித்தி இப்போதும் சொல்கிறாள். அதே வார்த்தையை உங்கள் இதழிலும் படிக்க நேர்ந்தது.

தங்களுக்குத் தெரியாததல்ல. ஹாலிவுட் குழந்தை நடிகர் ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தைத் தாயும் மாற்றாந்தந்தையும் கரைத்த பிறகுதான் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கக் கலிபோர்னியாவில் 1939இல் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 2017 விதிகளின்படி குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக் குழந்தைகளுக்காக இதையே நான்கு ஆண்டுகளுக்கு முன் தங்களுக்கு எழுதினேன். "நிகழ்ச்சி அருமை" என்ற என் முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். ஒவ்வொரு மே மாதமும் அன்னையர் தினச் சிறப்பிதழ் தவறாமல் வருகிறது. அதில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பக்கம்கூட இருந்ததில்லை.

அந்தக் கடைசி வரியைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. 'வளரிளம் பருவம்' என்று வந்திருப்பதை மட்டும் '11 வயது' என்று அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
திருநெல்வேலி.