எந்தச் சங்கம் என்று கேட்கிறார்கள்

அன்பின் மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. மகனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மற்றபடி சுகம்.

தேர்தலுக்குப் பிறகு நம் தேயிலைத் தோட்டம் எப்படி என்று கேட்டிருந்தாய். கட்சி மாதிரியே நடக்கும் தொழிற்சங்கங்களின் சண்டை நம் காலத்திலும் இருந்ததுதான். ஆனால் சாவு வீடு என்றால் எல்லாரும் வந்து நிற்போம். இப்போது மரண உதவிச் சங்கமே இரண்டாகிவிட்டது. மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் இறந்தால் குழி வெட்டக் கீழ் லயத்திலிருந்து ஆள் வருவதில்லை. 2024இல் இளசுகள் நிறையப் பேர் அநுர கட்சியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு வாக்குப் போட்டார்கள், பெரியவர்கள் பழைய சங்கத்தை விடவில்லை. அப்பனும் மகனும் ஒரே காம்பராவில் பேச்சில்லாமல் இருக்கிறார்கள்.

சரி, அதுகூடப் போகட்டும். போன மாதம் நம் லயத்துப் பையன் ஒருவனை விறகுக்கு மரம் வெட்டினான் என்று பொலிஸ் பிடித்தது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். வாசித்துக்கூடக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று. பிணைக்கு நிற்க ஆள் கிடைக்காமல் அவன் விளக்கமறியலில் கிடந்தான். அதே கிழமை, கொழுந்து குறைவு என்று ஒரு அக்காவைத் தோட்டத்து அதிகாரி அறைந்தார். அவள் கொடுத்த முறைப்பாட்டைப் பதியாமல் “சமாதானமாகப் போங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது அதற்கு மட்டுமில்லை. பையனுக்காகப் பேசச் சொல்லிச் சங்கத் தலைவர்களிடம் போனால், இரண்டு பக்கத்திலும் முதலில் கேட்டது, “அவன் வீட்டுச் சந்தா எந்தச் சங்கத்துக்கு?”

1948இல் தோட்டத் தமிழரான நம் குடியுரிமையைப் பறித்தபோது யாருடைய சந்தாவையும் பார்த்துப் பறிக்கவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் ஆட்களை இந்தியாவுக்கு ஐந்தேகால் லட்சம், இலங்கைக்கு மூன்று லட்சம் என்று பங்கு பிரித்தபோதும் நம்மிடம் கேட்கவில்லை. கடைசியாக மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது 2003இல்தான். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000ஆம் ஆண்டு நடந்த கொலைகள் உனக்கு மறந்திருக்காது. பொலிஸ் காவலுக்கு நிற்கும்போதே தமிழ்ப் பிள்ளைகளை அடித்துக் கொன்றார்கள். கடைசியில் 2005இல் உச்ச நீதிமன்றம் தண்டனை பெற்றிருந்தவர்களை விடுவித்தது. செத்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொன்னது?

இவ்வளவுக்குப் பிறகும் நம் பையன் ஒருவன் உள்ளே கிடக்கும்போது நாமே கட்சி பார்க்கிறோம். நமக்குள் ஒற்றுமையில்லை என்று தெரிந்துதான் முறைப்பாட்டைப் பதியாமல் அனுப்ப அவர்களுக்குத் தைரியம் வருகிறது. இதை இங்கே வாய்விட்டுச் சொன்னால் என்னையும் ஏதோ ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுவார்கள்.

அப்புறம் ஒரு உதவி. பையன் இப்போது பிணையில் வந்துவிட்டான், வழக்கு அடுத்த மாதம். கொழும்பில் உனக்குத் தெரிந்த சட்டத்தரணி யாராவது, எந்தச் சங்கம் என்று கேட்காதவராக, இருந்தால் சொல். வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். செலவுக்கு இங்கே நாங்கள் கொஞ்சப் பேர் காசு சேர்க்கிறோம். அந்த அக்காவின் விசயத்தையும் அவரிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்