முழுக்கைச் சட்டை

கண்ணு,

நீ அனுப்பிய டாட்டூ டிசைன் வந்தது. மூன்று நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. அப்பாதான் "அழியவே அழியாதாமே" என்று ஒரே புலம்பல். ஊசி இறங்குவது 1, 2 மில்லிமீட்டர்தான் என்று சொல்லி வைத்தேன். அது உதிர்கிற மேல்தோலைத் தாண்டிவிடும், அதனால்தான் அழியாது என்பதைச் சொல்லவில்லை.

பூக்கள் அழகுதான். ஆனால் 30 வருஷம் எம்பிராய்டரி போட்டவள் சொல்கிறேன், இதழ்கள் ரொம்ப நெருக்கம். நூல் போட்ட இடத்தில் நிற்கும். மை அப்படியில்லை, வருஷம் போகப் போகத் தோலுக்குள் பரவும். இன்றைக்குக் கோடாகத் தெரிவது அப்புறம் திட்டாகிவிடும். பூவைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைக்கச் சொல். ஓரத்தில் கறுப்புக் கோடு இருக்கட்டும். மஞ்சளும் வெளிர் ரோஸும் சீக்கிரம் வெளுக்கும். சிவப்பு மைதான் அதிகம் அலர்ஜி தருகிறதாம். உனக்கோ எது பட்டாலும் தடிக்கும், அதை டாட்டூ போடுகிறவரிடம் சொன்னாயா? ஊசியை உன் கண் முன்னால் பிரிக்கச் சொல்.

படத்தைத் தோலில் பதிக்கிற ஸ்டென்சில் தாளை ஒட்டும்போது கையை முறுக்காதே. சாதாரணமாகத் தொங்கவிட்டு நில், இல்லையென்றால் பூ கோணிக்கொள்ளும்.

அப்புறம் அந்த இடம். தழும்பில் மை ஒரே மாதிரி பிடிக்காது. சில இடம் குடிக்கும், சில இடம் துப்பும். மேடாக இருக்கும் பகுதியை முதலில் தோல் டாக்டரிடம் காட்டிவிடு. நடுப்பூவின் இதழைத் தழும்பின் வளைவோடேயே ஓட்டியிருக்கிறார், கெட்டிக்காரர். நீ சொல்லித்தான் அப்படி வரைந்திருப்பார், எனக்குத் தெரியாதா.

இவ்வளவு வருஷம் கழித்து எதற்கு மறைக்க வேண்டும் என்று எழுத வந்தேன். பேனா ஓடவில்லை. சுட்டது விபத்து. மறு வாரமே முழுக்கைச் சட்டை தைக்க உட்கார்ந்தது நான். 8 வயதிலிருந்து காலேஜ் முடியும் வரை, கொளுத்துகிற வெயிலிலும் அதேதான். யாராவது ஏதாவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். பார்க்க முடியாமல் போனது எனக்குத்தான். நீ கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஃபோட்டோவை ஃப்ரேம் போட்டு மாட்டியதும் நான்தான்.

சரி. ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை வெயில் படக் கூடாது, நீச்சல் வேண்டாம். பொருக்கைப் பிய்க்காதே, நிறமும் சேர்ந்து வந்துவிடும். ஊசி புதிதா என்று பார்த்துக்கொள்.

கையில்லாத சட்டை ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். நீ வந்து இரண்டு வருஷமாகிறது, பழைய அளவு சரிவராது. தோள் அளவை மட்டும் எழுதி அனுப்பு.

அம்மா