வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்த வீடியோவும் எங்கள் புதிய கட்டணமும்

அன்புள்ள ஐயாமார், அண்ணன்மார், தம்பிமார், அக்கா தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

இப்படி நீளமாக எழுதி எனக்குப் பழக்கமில்லை. எதுவென்றாலும் போனில் பேசிவிடுவேன், இல்லையென்றால் நீங்கள் ஹட்டன் பக்கம் வரும்போது ஒரு பிளேன்டீயோடு முடிந்துவிடும். ஆனால் இந்த இரண்டு வாரத்தில், பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் நம் கராஜில் தகடு வைக்காமல் புட்டியை (பள்ளம் நிரப்பும் பசையை) அப்பிக் கொடுக்கிறோம் என்று ஒரு வீடியோ சொல்கிறதே, உண்மையா என்ற ஒரே கேள்விக்கு முப்பது நாற்பது பேருக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. அதில் பாதிப் பேர், அதுவும் பத்து வருடமாகப் பழகியவர்கள், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அந்தத் தயக்கம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் டிங்கர் பாஸ், அதாவது நம் தகட்டு வேலைக்காரர், விஷயம். சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த கையோடு அவர் கட்டாருக்குப் போய்விட்டார். 14 வருடம் நம்மோடு இருந்தவர். சுத்தியலால் தட்டிவிட்டு, சத்தத்தை வைத்தே தகடு எங்கே மெலிந்திருக்கிறது என்று சொல்லும் மனிதர், உங்களுக்கே தெரியும். மூத்த மகள் கெம்பஸ் போகிறாள், நான் கொடுத்த சம்பளத்தில் அது நடக்காது, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கட்டுநாயக்காவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போய் வழியனுப்பினேன். இப்போது டிக்கோயாவிலிருந்து ஒருவரும் கொட்டகலையிலிருந்து ஒருவருமாக இரண்டு தம்பிமார் வேலை பழகுகிறார்கள். கேஸ் வெல்டிங் கை வந்துவிட்டது. ஆனால் ஒரு மட்கார்டின் வளைவைக் கையால் தட்டி எடுப்பதற்கு இன்னும் ஒரு வருடமாவது போகும், அதை அவசரப்படுத்த முடியாது. ஆகவே இப்போது ஷெட்டுக்குள் நிற்கும் நான்கு வாகனங்களும் தைப்பொங்கலுக்கு அப்புறம்தான் வெளியே வரும்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு டட்சன் 1200, சின்னப் பிக்கப், நம் கையால் முடித்து அனுப்பிய வண்டி. அதன் இடது பின்பக்கத்தில், சில்லுக்குப் பின்னால், ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்துகிறார்கள், உள்ளங்கை அளவு புட்டி கட்டியாகப் பெயர்ந்து விழுகிறது, பின்னால் ஒரு குரல் “இவர்கள் செய்வது ரெஸ்டோர் இல்லை, புட்டி அப்பும் வேலை” என்கிறது. நாற்பது செக்கன் கூட இல்லை. அது வாட்ஸ்அப்பில் சுற்றி பதுளையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கே போய்விட்டது.

கட்டணம் கூட என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. தாமதம் என்று சொன்னால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். புட்டி கராஜ் என்று சொல்வதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை, ஏனென்றால் இந்தக் கராஜைத் தொடங்கியதே அதற்கு எதிராகத்தான்.

1200 எப்படிப்பட்ட வண்டி என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று விளங்கும். 1971இல் ஜப்பானில் வந்த மாடல் இது. அங்கே 1994 வரைக்கும், தென்னாபிரிக்காவில் 2008 வரைக்கும் ஏறக்குறைய இதே உடம்போடு செய்தார்கள். பெரிய பிக்கப்களான டட்சன் 620க்கும் டொயோட்டா ஹைலக்ஸுக்கும் கீழே தனியாக ஒரு செசி, அதாவது அடிச்சட்டம், உண்டு, மேலே தகடு உளுத்தாலும் செசி தாங்கும். 1200இல் அப்படித் தனிச் செசி கிடையாது, உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிபோன்ற பகுதி, தளம், பின் ஸ்பிரிங் பட்டைகள் வந்து பிடிக்கும் இடம், இவை உளுத்துப்போனால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், கதவு சாத்தாது, ரம்பொடை வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த இடங்களில் புட்டி பூசி மேலே பெயின்ட் அடித்துக் கொடுப்பவன் மனிதனே இல்லை. இதைப் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

புட்டியே பாவிக்காத கராஜ் உலகத்தில் இல்லை, நாங்களும் பாவிக்கிறோம். தகட்டைத் தட்டி நிமிர்த்திய பிறகும் சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும், அதை நிரப்பத்தான் புட்டி. இரண்டு மில்லிமீற்றர், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் தகட்டு வேலை முடியவில்லை என்று அர்த்தம், திரும்பச் சுத்தியலை எடுக்க வேண்டும். ஓட்டைக்கு மேல் புட்டி போடக்கூடாது, துருவுக்கு மேல் போடவே கூடாது. புட்டி ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் வைகாசியில் பிடிக்கிற மழை புரட்டாசி வரைக்கும் விடாது, காலையில் பொனெட்டைத் தொட்டால் பனியில் கை நனையும். பின்பக்கத்துத் தகட்டில் ஒரு ஊசி ஓட்டை இருந்தால் போதும், சில்லு அடிக்கும் தண்ணீர் உள்பக்கமாகப் போய்ப் புட்டியில் ஊறி, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு தின்னப்பட்டுவிடும். ஒரு நாள் முட்டை மாதிரிப் பொக்கென்று எழும்பும், அப்போதுதான் தெரியும்.

அந்த வண்டி எங்களிடம் வந்தபோது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு மூன்று இடத்தில் கை வைத்த வண்டி. மரக்கறி ஏற்றிய வண்டி வேறு, நனைந்த லீக்ஸும் கரட்டும் உரமூட்டையும் ஏறி ஏறிப் பின்தட்டு அரித்துப்போயிருந்தது. கிரைண்டரை வைத்துச் சுரண்டியதில் ஒரு பேசின் நிறையப் பழைய புட்டி வந்தது, சாரதி காலடியில் பாயைத் தூக்கினால் நிலம் தெரிந்தது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழ்ப் பகுதியை முழுசாக வெட்டி எடுத்து ஒரு மில்லிமீற்றர் தகட்டில் புதிதாக மடித்து வைத்தோம். தளம் புதிது, பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம் புதிது, உள்ளே எபொக்சி பிரைமர். ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் எடுத்தோம், 64 படம் இருக்கிறது, யார் வந்து கேட்டாலும் காட்டுவேன். பின்பக்க வெளித்தகட்டை மாற்றவா என்று எஸ்டிமேட்டிலேயே கேட்டிருந்தோம், வண்டிக்காரர் பக்கத்தில் இப்போதைக்கு வேண்டாம், செலவு தாங்காது, மேலால் சரிசெய்து தாருங்கள் என்றார்கள். அதுவும் எழுத்தில் இருக்கிறது. அந்த இடது மூலையில் ஒரு சாண் அளவு எங்கள் கையாலும் புட்டி கூடிப்போனது, பாஸ் புறப்பட்ட வாரத்தில் நடந்தது, அதைத் திறந்து தகடு வைத்துக் காசு வாங்காமல் முடித்துக் கொடுப்பதாக அவர்களிடம் சொல்லிவிட்டோம்.

இன்னொரு பேச்சும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, எஞ்சினை மாற்றிவிட்டோம் என்று. இது சுத்தப் பொய். அதில் இருப்பது அதே ஏ12, 1171 சிசி, பிளாக்கில் அடித்திருக்கும் நம்பர் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் நம்பரோடு அப்படியே ஒத்துப்போகிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பது இந்த வேலையில் இருக்கிற சின்னப் பையனுக்கும் தெரியும். நாங்கள் கழற்றும் ஒவ்வொரு பழைய பாகமும், துருப்பிடித்த போல்ட் உட்பட, சாக்கில் கட்டி வண்டியோடு உங்களிடமே வருகிறது. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு நான் வாங்கப் போவேனே தவிர விற்கப் போனதில்லை.

இனிமேல் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். பெயின்டுக்கு முன், பிரைமர் மட்டும் அடித்த நிலையில், வண்டிக்காரர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. கையில் ஒரு காந்தம் கொடுப்போம், மெல்லிய துணியைச் சுற்றி உடம்பு முழுக்க வைத்துப் பாருங்கள், பிடிக்காத இடம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வரமுடியாத தூரத்தில் இருப்பவர்களுக்கு வீடியோ அழைப்பில் நாங்களே வைத்துக் காட்டுவோம்.

கட்டணம் பற்றி அதிகம் இழுக்க விரும்பவில்லை. 2022க்கு முன் டொலர் 200 ரூபா, அந்த வருடமே 360ஐத் தாண்டியது, பிறகு 300 பக்கம் வந்து நின்றது. தகடு, கட்டிங் டிஸ்க், தின்னர், பெயின்ட், ஹாட்னர் எல்லாம் வெளியிலிருந்துதான் வருகின்றன. வாட் 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 ஆனது. மின்கட்டணம் 2022இலும் 2023இலும் ஏறிய ஏற்றம் உங்கள் வீட்டு பில்லிலேயே தெரிந்திருக்கும், பிறகு கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் வெல்டிங் பிளான்ட் வைத்திருப்பவனுக்கு அது பழைய கணக்குக்கு வரவில்லை. மூன்று வருடமாகக் கூலியை ஏற்றாமல் இழுத்துப் பார்த்தேன். அடுத்த மாதம் முதல் டிங்கரிங் நாள் கூலி 4,500இலிருந்து 6,000 ரூபா. ஏற்கனவே எஸ்டிமேட் போட்டு முன்பணம் வாங்கிய வேலைகளுக்குப் பழைய கணக்குத்தான், அதில் ஒரு சதம் கூட்டமாட்டேன். மழை மாதத்தில் மட்டும் வெளிப் பெயின்ட் வேலை எடுக்கமாட்டோம், ஈரக்காற்றில் அடித்தால் பால்போல வெளுத்துப்போகும், கொப்புளமும் வரும், பின்னால் அதற்கும் ஒரு வீடியோ வரும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இந்தக் கராஜ் உயிரோடு இருந்தது உங்களால்தான். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், லயத்துக் கோடியில், தேயிலைக்குள்ளே சாய்ந்து கிடந்த வண்டிகளை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்தீர்கள். சிலர் தேவைக்காக வந்தீர்கள், ஆனால் அதிகம் பேர் ஆசைக்காகத்தான் வந்தீர்கள். தலவாக்கலையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஐயா, சனிக்கிழமை தவறாமல் வந்து, தகப்பனார் ஓட்டிய 620இன் பின்தட்டைத் தானே உப்புக்கடதாசி போட்டுத் தேய்த்துவிட்டுப் போகிறார். அதன் கதவில் தோட்டத்தின் பெயர் எழுதியிருந்த இடம் மங்கலாகத் தெரிகிறது, அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நாங்களும் தொடவில்லை. கொழும்பில் கடையில் வேலைசெய்யும் தம்பி ஒருவர் மாதம் ஐயாயிரம் பத்தாயிரமாக அனுப்பி மூன்று வருடத்தில் ஒரு 1200ஐ முடித்தார், எடுத்துக்கொண்டு போன அன்று முதலில் அம்மாவை ஏற்றி மாணிக்கப்பிள்ளையார் கோயிலுக்குத்தான் போனார். நுவரெலியாவிலிருந்து வரும் அண்ணன்மார் மூவரும் இந்த வீடியோ வந்த மறுநாளே ஒன்றும் கேட்காமல் வந்து, அடுத்த வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை, மனம் அவ்வளவு நிறைந்திருந்தது. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அந்த வண்டிக்காரருக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வண்டியைக் கொண்டு வாருங்கள், எந்த நாளென்றாலும் சரி, நானே பக்கத்தில் நின்று செய்விக்கிறேன். வீடியோவை எடுத்துப் போட்ட மாதிரியே, முடிந்த பிறகு அந்த மூலையையும் ஒரு தடவை படம் பிடித்துப் போடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

கராஜ் திங்கள் முதல் சனி வரை காலை 8 மணியிலிருந்து 5 மணி வரை, போயா நாளில் மூடியிருக்கும். சனிக்கிழமை தானே வந்து தேய்ப்பவர்கள் எப்போதும்போல வரலாம்.

கடைசியாக ஓர் உதவி. மாஸ்டர் ஐயாவின் 620க்குப் பின்கதவு ஒன்று தேவை, டட்சன் என்ற எழுத்து அடித்தது. கோழிக்கூட்டுக்கு மூடியாக யார் வீட்டிலாவது கிடந்தாலும் பரவாயில்லை, கோழிக்கு நல்ல புதுக் கதவு செய்து கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்கிறோம். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் கண் வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கராஜ்காரன்,
ஹட்டன்